கிரகணத்தின் மேல் போட்ட பழி

பிரேமலா தன் உடம்பை அப்படிப் பார்த்துப் பார்த்துக் கவனித்துக்கொண்டது பிள்ளைப் பாசத்தால் மட்டும்தான் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அவளைச் சரியாகத் தெரியாது. வயிற்றில் முப்பத்து நாலு வாரம். காலை ஐந்து மணிக்கு எழுந்து விரலில் குத்தி, மெஷினில் சர்க்கரை நம்பரைப் பார்த்து, நோட்டில் எழுதி, தொடையில் இன்சுலினைத் தானே ஏற்றிக்கொள்வாள். அந்த நேரத்தில் அவள் மனசுக்குள் ஓடுவது சாமி பெயர் இல்லை. கிருஷ்ணம்மா. அவள் புருஷன் வசந்தனின் அக்கா, அவள் அண்ணி என்று கூப்பிடுகிறவள். ஊசி இறங்குவது தன் தொடையில் என்றாலும், குத்தியது கிருஷ்ணம்மாவை என்று அவளுக்கு ஒரு திருப்தி.

மலேசியாவின் ஜொகூரில், ஸ்கூடாயில் அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேர். காலையில் அந்த நெரிசலில் வேனைப் புகுத்தி எடுப்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும். அவளுக்கு அது நிறையவே உண்டு. வயிறு வளர வளர ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்து, இப்போது கால் பிரேக்கை எட்டுவதற்கு முதுகில் ஒரு தலையணை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முப்பத்தாறு வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று கிளினிக் மிஸ்ஸி சொல்லியிருந்தாள். நம் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்லுவோம். நிறுத்துகிறேன் என்று பிரேமலா தலையாட்டியிருந்தாள். மிஸ்ஸி சொல்வதை மீறுகிற பழக்கத்தை அவள் ஐந்து வருஷத்துக்கு முன்பே விட்டாயிற்று.

சாப்பாடும் மிஸ்ஸி சொன்னபடிதான். சுக்கு சுக்கு செபாரோ. நம்முடைய சுக்கு இல்லை, மலாய்ச் சுக்கு, கால் பங்கு என்று அர்த்தம்; செபாரோ என்றால் பாதி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ கோழியோ, மீதிப் பாதி முழுக்கக் காய்கறி. பசியோடு கிடக்கக் கூடாது, மூக்குப் பிடிக்கத் தின்னவும் கூடாது. ஒரே நேரத்தில் கொட்டிக்கொள்ளாமல் பிரித்துப் பிரித்துச் சாப்பிட வேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணி, பத்து வந்ததும் கார்டில் குறிக்க வேண்டும். பத்து வராவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படுக்கும்போது ஒருக்களித்து, இடது பக்கமாக.

சாயங்காலம் இருபது நிமிஷம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். வரிசை வரிசையாக வீடுகள் இருக்கிற அவர்கள் தாமானில் நடப்பதற்குத் திடல் இருக்கிறது, நிழல் இருக்கிறது. பிரேமலா அங்கே போகமாட்டாள். இரண்டு வரிசை தள்ளி இருக்கிற கிருஷ்ணம்மாவின் வீட்டு வாசல் வழியாகத்தான் நடப்பாள், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கேட்டுக்குள் கிருஷ்ணம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் நடையை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கி, வயிற்றை நன்றாகக் காட்டிக்கொண்டு போவாள். பார், இதை உன்னால் தொட முடியாது என்று அந்த வயிறு சொல்வதாக அவளுக்கு எண்ணம்.

இந்த வன்மத்துக்குக் காரணம் அவளுடைய மூத்த மகள் தேன்மொழியின் வலது கை.

அது இரண்டாயிரத்துப் பத்தொன்பது. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் உண்டாகியிருந்தாள். கிளினிக்கில் இனிப்புத் தண்ணீர் குடிக்க வைத்து இரத்தம் எடுத்து, உனக்குச் சர்க்கரை இருக்கிறது, கர்ப்பத்தில் சிலருக்கு வரும், பயப்படாதே, ஆனால் கவனமாக இரு என்றார்கள். கர்ப்பிணிகளுக்கான பிங்க் புத்தகத்தின் அட்டையில், கவனிக்க வேண்டியவள் என்று கலர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் கிளினிக்கிலேயே காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று குத்து. நம்பர் ஏறினால் இன்சுலின். அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும்.

ஊசி என்றதும் பிரேமலா அழுதுவிட்டாள். அப்போது கண்ணீரைத் துடைத்துவிட்டவள் கிருஷ்ணம்மாதான், அதையும் சொல்லிவிட வேண்டும். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்து பெற்றவள், ஐந்தும் சுகப்பிரசவம், ஒரு ஊசி கிடையாது. தாமானில் எந்தப் பெண் உண்டானாலும் கிருஷ்ணம்மாவிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் கிளினிக்குக்கே போவாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. சர்க்கரை டெஸ்டுக்கும் இருந்தது. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே சோற்றைத் தொடக் கூடாது. வெள்ளரிக்காய், பச்சைத் தண்ணீர், ரொம்பத் தலை சுற்றினால் அரை முட்டை. டெஸ்ட் அன்றைக்கு நம்பர் அழகாக வரும். மிஸ்ஸி தட்டிக்கொடுத்து அனுப்புவாள். மறுநாளிலிருந்து எப்போதும்போல் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அழகான நம்பர். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவளும் கிருஷ்ணம்மாதான். பரீட்சைக்குப் படிப்பதுபோல் தாமான் பெண்கள் பட்டினி கிடந்து பாஸானார்கள். பிரேமலாவும் தவறாமல் பாஸானாள். இடைப்பட்ட பன்னிரண்டு நாளும் ரொட்டி சானாய்ப் பரோட்டாவும் இனிப்பான தே தாரிக்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குமாக வயிற்றுக்குள் போன சர்க்கரை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அது பிள்ளையின் மேல் ஏறியது. ஸ்கேனில் பிள்ளை கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று டாக்டர் புருவத்தைத் தூக்கினார். நம்பரைப் பார்த்துவிட்டுப் புருவத்தை இறக்கிக்கொண்டார். எங்கள் குடும்பத்துச் சைஸ் அப்படி என்று கிருஷ்ணம்மா வெளியே சொல்லிச் சிரித்தாள்.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஜொகூர் முழுக்கச் சூரிய கிரகணம். அன்றைக்குத்தான் பிரேமலாவுக்கு டெஸ்ட். மதியக் குத்து முடிந்து ஒரு மணிக்கு அவள் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தாள். சாயங்காலக் குத்துக்கு மறுபடி போக வேண்டும். வெயில் மங்கிக் கிடந்தது. ரோட்டோரமாக ஆட்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு அண்ணாந்து நின்றார்கள். மரத்தடியில் விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாக இருந்தது. அவளுக்குப் பசி மயக்கம். மேலே பார்க்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தேன்மொழி பிறந்தாள். நாலு கிலோ நானூறு. தலை வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. அறைக்குள் ஒரேயடியாக ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ பிரேமலாவின் கால்களை மடக்கிப் பிடித்தார்கள், யாரோ அடிவயிற்றை அமுக்கினார்கள். பிள்ளையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். எடுத்த வேகத்தில் கழுத்துப் பக்கத்து நரம்பு இழுபட்டு வலது கை துவண்டு போயிற்று. உயிரா கையா என்றால் யாரும் உயிரைத்தான் பார்ப்பார்கள், அவர்கள் செய்தது சரிதான் என்று பிரேமலாவே சொல்வாள். மறுநாள் டாக்டர் பிங்க் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நம்பரெல்லாம் இவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது, பிள்ளை ஏன் இப்படி வளர்ந்தது என்று புரியவில்லை என்றார். பிரேமலாவுக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

கிருஷ்ணம்மா திறந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், கிரகணத்தன்று வெளியே சுற்றினாளே, சொன்னால் கேட்டாளா, கையைக் கிரகணம் கடித்துவிட்டது என்றாள். முப்பதாம் நாள் சடங்குக்குள் அது ஊர்க்கதையாகிவிட்டது. வசந்தன் நம்பினான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. விடியுமுன் பைக்கில் பாலம் தாண்டிப் போய் இருட்டியபின் திரும்புகிறவனுக்கு அக்கா சொன்னால் வேதம். பிரேமலா எடுத்துச் சொன்னாள். நீயும்தானே அதே மாதிரி பட்டினி கிடந்தாய், உன்னை யார் கட்டிப் போட்டார்கள் என்று அவன் ஒரே வார்த்தையில் அவள் வாயை அடைத்துவிட்டான். அதற்கப்புறம் அவள் இதை யாரிடமும் பேசவில்லை.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் தேன்மொழிக்கு மூன்று வயசானபோது கிருஷ்ணம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு, உன் கையைச் சூரியன் கடித்துவிட்டது கண்ணே என்று கொஞ்சினாள். அன்றிலிருந்து பிள்ளை மதிய வெயிலில் வெளியே போனால் வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறாள். சூரியன் கடிக்காதுடா என்றால், அப்போ யாரும்மா கடிச்சா என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பிரேமலா, பெரியவளானதும் சொல்கிறேன் என்று பேச்சை மாற்றிவிடுவாள். யார் என்பதை ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால், அந்த அண்ணியின் வாயாலேயே பிள்ளைக்குக் கேட்க வைப்பேன் என்று அவள் உள்ளுக்குள் சபதமே போட்டிருந்தாள். பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பழி போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்த பிறகுதான்.

அதற்கு அவளிடம் சாட்சி இருந்தது. கிருஷ்ணம்மா எழுத மாட்டாள், எல்லாமே வாட்ஸ்அப்பில் வாய்ஸ்தான். கிரகணத்துக்கு முந்தின நாள் அவள் அனுப்பிய வாய்ஸ் பிரேமலாவின் போனில் பத்திரமாக இருந்தது. போன் மூன்று மாறியாயிற்று. ஒவ்வொரு தடவையும் கடைக்காரனிடம், படம் போனாலும் பரவாயில்லை, வாட்ஸ்அப் போகக் கூடாது என்று நின்று வாங்கினாள். மனசு கொதிக்கும் நாளில் வேனை ஓரமாக நிறுத்தி அதைப் போட்டுக் கேட்பாள். அது முடிகிற இடம் அவளுக்கு மனப்பாடம். முடிந்த உடனே கட்டைவிரலால் நிறுத்திவிடுவாள். அதற்கு அடுத்தாற்போல் இருந்ததை அவள் கேட்பதில்லை.

இரண்டாவது உண்டானபோது மறுபடியும் சர்க்கரை. இந்தத் தடவை அவள் அழவில்லை. டெஸ்டுக்கு முந்தின நாள் எப்போதும்போல் சாப்பிட்டாள். நம்பர் அசிங்கமாக வந்தது. மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்து, ஊசி போடுங்க, இப்பவே போடுங்க என்று அவளாகவே கேட்டாள். மிஸ்ஸி இப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை என்று சிரித்தாள். இருபத்தெட்டு வாரத்தில் பிள்ளை ஒரு கிலோ நூறு. முப்பத்து இரண்டில் ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது. முப்பத்து நாலில் இரண்டு கிலோ முந்நூறு. வளர்ச்சிக் கோட்டில் டாக்டர் வைத்த புள்ளி ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலேயே உட்கார்ந்தது. தேன்மொழியின் பழைய புத்தகத்தில் அதே புள்ளிகள் கோட்டை விட்டு மேலே மேலே ஏறிப் போயிருந்தன. இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் பிரேமலா போனில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கிருஷ்ணம்மாவின் கடைசி மகள் கோமளாவுக்கு வளைகாப்பு வந்தது. தாமான் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. அழைக்க வந்த கிருஷ்ணம்மா கதவருகே நின்றபடியே, தப்பா எடுத்துக்கக் கூடாது என்று ஆரம்பித்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிள்ளைத்தாய்ச்சி வளையல் போடக் கூடாதாம், அதிலும் பிரேமலா கிரகணம் பட்ட உடம்பு, அதனால் பின்வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் பண்ணினால் போதும் என்றாள். போட்டோ எடுக்கும்போது தேன்மொழியையும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னாள். போகும்போது, உன் வேனில் இருக்கிற ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு வா, பாட்டுப் போட வேண்டும் என்றாள்.

எடுத்து வருகிறேன் அண்ணி என்றாள் பிரேமலா. இவ்வளவு இனிமையாக அவள் அந்த ஐந்து வருஷத்தில் பேசியதே இல்லை. ஸ்பீக்கர் அவளுடையது. அவளுடைய போனோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். கிருஷ்ணம்மாவின் சொந்தபந்தம் நூறு பேர் உட்கார்ந்திருக்க, அவள் சொந்தக் குரலை அவள் மகள் வளைகாப்பிலேயே போட்டுக் காட்டலாம். அந்த வாரம் முழுக்க வேன் ஓட்டும்போது பிரேமலாவின் உதடு தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டை ஓடவிட்டு, கோமளாவைப் பார்க்க உள் அறைக்குப் போனாள். பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் வெளுத்துக் கிடந்தது. என்னடி ஆச்சு என்று கேட்டதற்கு, கோமளா கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நாளைக்கு சக்கரை டெஸ்ட் மாமி. நேத்திலேர்ந்து வெறும் வெள்ளரிக்காய்தான். இன்னிக்கும் சாப்பிடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. வந்தவங்க முன்னாடி வாயில வச்ச மாதிரி பண்ணணுமாம், முழுங்கக் கூடாதாம்."

பிள்ளை எப்படி இருக்கிறது என்று பிரேமலா கேட்டாள். ஸ்கேனில் பெரிதாகத் தெரிகிறது, நம்பர் அழகாக இருப்பதால் பயமில்லை என்றாள் கோமளா.

பிரேமலாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தபோது கை கால் எல்லாம் குளிர்ந்து, மனசு மட்டும் சூடாக இருந்தது. எதற்கு வாய்ஸ், எதற்கு ஸ்பீக்கர். எதுவுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இன்னும் இரண்டு மாதத்தில் கிருஷ்ணம்மாவின் மடியிலும் ஒரு கை துவண்டு தொங்கும். அப்போது எந்தக் கிரகணத்தைக் காட்டுவாள் என்று பார்த்துவிடலாம். அன்றைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து, அண்ணியின் கண்ணீரைத் துடைத்துவிட வேண்டும் என்றுகூட அவள் நினைத்தாள்.

மேடையில் கோமளாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே எலுமிச்சை சாதம், புளிச் சாதம், தேங்காய் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். பெண்கள் ஒவ்வொருவராக ஏறிச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கண்ணாடி வளையலை அடுக்கினார்கள். ஒருத்தி ஊட்டிய சாதத்தைக் கோமளா கைக்குட்டைக்குள் துப்பி மறைத்ததைப் பின்வரிசையிலிருந்து பிரேமலா மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அப்படியே கடைசி வரைக்கும் இருந்திருப்பாள். நல்லவளாகி மனசு மாறினாள் என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான், நடந்தது அது இல்லை.

வளையலைக் கண்டதும் தேன்மொழி ஓடிவிட்டாள். பிரேமலா பிடிப்பதற்குள் மேடையில் ஏறி, வளையல் தட்டை வைத்திருந்த அத்தை கிருஷ்ணம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, ஒரு சாமானை எடுத்துக் கொடுப்பதுபோல நீட்டினாள். போட்டோக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கைக்கு எதுக்குடி வளையல்? கிரகணம் கடிச்ச கை," என்றாள் கிருஷ்ணம்மா. "அந்தக் கையைக் குடு, போடுறேன்."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிக்க வேண்டிய இடம் என்று சிரித்தார்கள். தேன்மொழி தூக்கிப் பிடித்திருந்த கையைக் கீழே விட்டாள்.

பிரேமலா பாட்டை நிறுத்தினாள். கோமளாவுக்காகவோ அவள் வயிற்றுப் பிள்ளைக்காகவோ அவள் அதைச் செய்யவில்லை. அந்தச் சிரிப்புக்காகச் செய்தாள். வாய்ஸைத் தட்டிவிட்டாள். ஸ்பீக்கரில் கிருஷ்ணம்மாவின் குரல், ஐந்து வருஷம் இளசாக, மண்டபத்துக் கடைசி மூலை வரைக்கும் கேட்டது.

"பிரேமா, நாளைக்கு சக்கரை டெஸ்டு, மறந்துறாத. நேத்து மாதிரியே இன்னிக்கும் சோறு தொடாத. வெள்ளரிக்காய், பச்சத் தண்ணி, அவ்ளோதான். நம்பர் அழகா வரும். மிஸ்ஸிக்கு என்னா தெரியப் போவுது. கிரகணம் கிரகணம்னு டிவியில சொல்றாங்க, அதெல்லாம் பாத்தா ஆவுமா? நீ பாட்டுக்குப் போய்ட்டு வா."

கிருஷ்ணம்மாவின் கையிலிருந்த வளையல் தட்டு சாய்ந்தது. அவளுடைய சம்பந்தியம்மாள் முன்வரிசையில் இருந்தவள், மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். கோமளா கையிலிருந்த கைக்குட்டையை மடியில் போட்டாள். பிரேமலா இந்த ஒரு கணத்துக்காகத்தான் மூன்று போன் மாற்றியிருந்தாள். இதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு கையை முதுகில் ஊன்றி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். போனை நிறுத்த வேண்டும் என்பதை அந்த ஒரு தடவை மறந்துவிட்டாள்.

ஒரு வாய்ஸ் முடிந்தால் வாட்ஸ்அப் நிற்காது, அடுத்த வாய்ஸைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கரில் ஒரு சின்ன சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் சிரிப்பு.

"அண்ணி, மூணு குத்தும் சூப்பர். மிஸ்ஸி குட் குட்னு சொன்னாங்க. நல்லா ஏமாத்திட்டேன் அவங்கள. இப்பவே போய் ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டுதான் மறுவேலை."

மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் அது யார் குரல் என்று தெரிந்தது. பிரேமலா போனை அழுத்தி நிறுத்தியபோது நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஐந்து வருஷமாகச் சீவிச் சீவி வைத்திருந்த கத்தி பாதி அண்ணியின் மேல் இறங்கி, பாதி தன் மேலேயே இறங்கிவிட்டது.

கிருஷ்ணம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிள்ளைங்க நல்லதுக்குத்தானே சொன்னேன் என்பதுபோல் ஏதோ ஒன்று. அதற்குள் கோமளா இரண்டு கையிலும் வளையல் கலகலக்க எழுந்து, அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை இழுத்து, தானே புளிச் சாதத்தை எடுத்துப் போட்டு, எல்லாரும் பார்க்க ஒரு கவளம் வாயில் வைத்து மென்று விழுங்கினாள். இன்னொரு கவளம். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நாளைக்கு மிஸ்ஸிகிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேம்மா என்று சாதத்தோடு சேர்த்துச் சொன்னாள். சம்பந்தியம்மாள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்தாள். கிருஷ்ணம்மா மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார யாரும் முன்வரவில்லை.

பிரேமலா கேட்டது கிடைத்துவிட்டது. அண்ணியின் பழி அண்ணியின் வாயாலேயே வந்துவிட்டது. அது இனிக்கும் என்று நினைத்திருந்தாள். வாயில் ஒரு ருசியும் இல்லை.

தேன்மொழி கூட்டத்துக்கு நடுவே நடந்து அம்மாவிடம் வந்தாள். பிரேமலா நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள். பிசியோதெரபிக்குப் போகிற நாளில் நீவிவிடுவதுபோல விரல்களை நீவினாள்.

"அப்போ சூரியன் கடிக்கலையாம்மா?" என்று கேட்டாள் தேன்மொழி.

"இல்லடா."

"அப்போ யாரு?"

படியில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மா தலையைத் தூக்கினாள். அவள் முகத்தில் எதிர்க்கிற தெம்பு இல்லை, விரலை நீட்டினால் வாங்கிக்கொள்வாள் என்று தெரிந்தது. பிரேமலா இந்தப் பதிலை எத்தனை நாள் வேனுக்குள் தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உன் அத்தைதான். இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டால் பிள்ளை ஆயுளுக்கும் அதை மறக்காது. சொல்லலாம் என்றுதான் பிரேமலா வாயைத் திறந்தாள். ஆனால் தன்னுடைய அந்தச் சிரிப்பைப் பிள்ளை இப்போதுதான் கேட்டிருந்தாள்.

"நாங்க," என்றாள். "அத்தையும் நானும்."

தேன்மொழி படியில் இருந்த அத்தையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், கொஞ்ச நேரம். பிறகு இடது கையை நீட்டி, அம்மா பிடித்திருந்த தன் வலது கையை மணிக்கட்டில் பிடித்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.